கட்டைவிரல் முந்தும் கை

ஜூன் 9, திங்கள்

அப்பா வேலை பார்த்த நூல்மில்லிலிருந்து இன்னும் வருடா வருடம் டைரி வருகிறது. அப்பா போய் மூன்று வருடம் ஆனது அவர்களுக்குத் தெரியாது போலிருக்கிறது. பாதி வருடம் ஓடிய பிறகு இன்று எடுத்து எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஒவ்வொரு பக்கத்திலும் மேலே ராகுகாலம், எமகண்டம் எல்லாம் போட்டிருக்கிறது. எழுதுவதற்குக் காரணம் உண்டு. கல்லூரி ஆய்வகத்தில் எனக்குப் பேச ஆள் இல்லை. இருந்தவர்கள் எல்லாம் புதிதாக வந்த ஷைனியோடு பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

ஐந்து வருடமாக நான் அங்கே இருக்கிறேன். தலையில் ஹெட்செட், கையில் கையுறை மாட்டிக்கொண்டால் முன்னால் ஒரு மேசையும் அதன்மேல் டீ நிறைந்த பேப்பர் கப்பும் தெரியும். உண்மையில் அங்கே ஒன்றும் கிடையாது. கையை நீட்டி அந்த இல்லாத கப்பை எடுக்க வேண்டும். விரலைப் போதுமான அளவு மடக்காவிட்டால் நழுவும். அதிகம் மடக்கினால் கப் நசுங்கி டீ கொட்டும். கப்பைத் தொட்ட நொடியில் விரல் நுனியில் ஒரு சின்ன அதிர்வு வரும். அந்த அதிர்வு இருந்தால் கை எப்படிப் போகிறது, இல்லாவிட்டால் எப்படித் தடுமாறுகிறது என்று அளப்பதுதான் எங்கள் பிழைப்பு.

உள்ளே தெரிகிற கை என்னுடைய கை. முதல் வருடம் ஆய்வகத் தலைவர் தணிகாசலம் சார், “வெளிய எதுக்குங்க ஆள் தேடிட்டு, உங்க கையே போதுமே பூங்கொடி” என்று சொல்லி நாற்பது போட்டோ எடுத்தார். சுண்டுவிரலுக்குக் கீழே எண்ணெய் தெறித்த தழும்புகூட அப்படியே வந்தது. அதற்குப் பிறகு ஹெட்செட்டை மாட்டிய ஒவ்வொருவரும், கல்லூரி முதல்வர் உட்பட, என் கையால்தான் கப்பை எடுத்தார்கள்.

இன்று காலை போனால் ஷைனி அதை எடுத்துவிட்டு வேறொரு கையை வைத்திருக்கிறாள். கருத்த, முடி அடர்ந்த ஓர் ஆண்பிள்ளைக் கை. வந்து நான்கு மாதம் ஆகவில்லை.

ஜூன் 12, வியாழன்

அந்தக் கைக்குச் சொந்தக்காரர் இன்று வந்தார். பெயர் நாச்சிமுத்து, நாற்பத்தாறு வயது, கணபதி பகுதியில் ஒரு பட்டறையில் இருபத்திரண்டு வருடம் லேத் ஓட்டியவர். போன வருடம் தகடு இழுத்து மணிக்கட்டு நரம்பு அறுந்துவிட்டது. தைத்தார்கள். விரல்கள் மடங்குகின்றன, நீள்கின்றன. ஆனால் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றிலும் உணர்ச்சி இல்லை. ஊசியால் குத்தினாலும் தெரியாது. ஒரு பொருளை எடுத்தால் ஒன்று கீழே விழும், இல்லையென்றால் நசுங்கும்.

ஷைனியின் யோசனை இதுதான்: விரலுக்குத் தெரியாவிட்டால் என்ன, முழங்கைக்கு மேலே தோல் நன்றாகத்தானே இருக்கிறது. அங்கே ஒரு பட்டையைக் கட்டி, விரல் கப்பைத் தொடும்போது பட்டையில் அதிர்வு வரச் செய்தால், நாளடைவில் கை அதைக் கேட்டு நடக்கப் பழகிவிடும். நல்ல யோசனை. எனக்கு ஏன் தோன்றவில்லை என்று பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். தோன்றியிருக்க வேண்டும்.

“அக்கா, கைய மாத்தினதுக்கு வருத்தம் இல்லியே?” என்று கேட்டாள். மார்த்தாண்டத்துக்காரி. பேச்சு எப்போதும் கொஞ்சம் இழுவையாகத்தான் வரும். “உங்க கை தெரிஞ்சா அவருக்க மூளை அத தனக்க கையின்னு எடுத்துக்கிடாது. அதுக்குத்தான்.”

“எனக்கென்ன வருத்தம்” என்றேன். தங்கச்சி என்று எனக்கு யாரும் கிடையாது. இவளை யார் அக்கா என்று கூப்பிடச் சொன்னார்கள்?

ஜூன் 17, செவ்வாய்

கேஸ் சிலிண்டர் வரவில்லை. ஸ்கூட்டர் பின் டயர் பஞ்சர். ஷைனி ஏத்தங்காய் சிப்ஸ், நாங்கள் நேந்திரம் என்போம், கொண்டுவந்து எல்லா மேசையிலும் வைத்தாள். நான் தொடவில்லை. சாயந்திரம் வீட்டுக்கு வந்து பார்த்தால் பையில் ஒரு பொட்டலம். அம்மா முழுவதையும் தின்றுவிட்டு, “தேங்காண்ணையில வறுத்திருக்கறாங்க கண்ணு, நல்ல கையி” என்றாள். நல்ல கை.

ஜூன் 24, செவ்வாய்

நாச்சிமுத்து வாரம் மூன்று நாள் வருகிறார். என்னை அம்மிணி என்கிறார், ஷைனியை மேடம் என்கிறார். ஹெட்செட் பட்டையை நான் சரிசெய்யும்போது பேசாமல் நிற்கிற மனிதர், அவள் வந்ததும் பட்டறைக் கதை எல்லாம் சொல்கிறார். இன்று அவர் சொன்னதில் ஒன்றை நானும் கவனித்தேன். லேத்தில் இனி அவரை நிறுத்த மாட்டார்கள். அங்கே கையுறை, பட்டை எதுவும் போடக் கூடாது. ஆனால் செய்த சாமான்களை வெர்னியர் வைத்து அளவு பார்க்கிற மேசை ஒன்று இருக்கிறதாம். அங்கே இருப்பவர் ஆகஸ்டோடு விலகுகிறார். கை ஒரு பொருளைப் பதமாகப் பிடிக்கிறது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் அந்த இடம் நாச்சிமுத்துவுக்கு.

“இல்லாட்டி?” என்று ஷைனி கேட்டாள்.

“இல்லாட்டி கேட்டுல வாச்மேனுங்க. மொதலாளி நல்லவரு, வெரட்டி உட மாட்டாரு. ஆனா இத்தன வருசம் நூல் பிசகாம கடஞ்ச கையி, கேட்டத் தொறந்து சாத்தறதுக்கா மேடம்?”

நூறு கப்பில் முப்பத்தொன்று நசுங்கியது. முதல் நாள் எண்பது.

ஜூலை 2, புதன்

சார் இன்று கூட்டத்தில் “நம்ம ஷைனி” என்று நான்கு முறை சொன்னார். என்னைப் பற்றி ஒரு முறை. “ஏசி ரிமோட் பூங்கொடிகிட்ட இருக்கும் பாருங்க” என்றார்.

ஜூலை 8, செவ்வாய்

பத்துக்குப் பத்து. ஒரு கப்கூட நசுங்கவில்லை, நழுவவும் இல்லை. நாச்சிமுத்து ஹெட்செட்டைக் கழற்றாமலே நின்றுகொண்டிருந்தார். கழற்றிவிடப் போனபோது உள்ளே அழுகிறார் என்று தெரிந்தது. கண்ணீர் பட்டால் லென்ஸ் கெட்டுவிடும். நான் துணி எடுத்து வருவதற்குள் ஷைனி தன் துப்பட்டாவால் துடைத்துவிட்டாள். லென்ஸை இல்லை, அவர் முகத்தை. எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

பிறகு சார் அறிவித்தார். பதினெட்டாம் தேதி மருத்துவமனையிலிருந்து கை அறுவைச் சிகிச்சை டாக்டர்கள் இரண்டு பேர் வருகிறார்கள். அவர்களுக்குப் பிடித்திருந்தால் இந்தப் பட்டை இருபது நோயாளிகளுக்குப் போகும். அதை நடத்த ஒரு நிரந்தர வேலை வரும். ஐந்து வருடமாக ஒப்பந்தத்தை வருடா வருடம் புதுப்பித்துக்கொண்டு நான் காத்திருப்பது அந்த வேலைக்குத்தான். “ஷைனி நடத்திக் காட்டுவாங்க” என்றார் சார். என்னைப் பார்த்துவிட்டு, “பூங்கொடி இந்தச் சார்ஜ், கேபிள் எல்லாம் பார்த்துக்குவாங்க” என்றார்.

சார்ஜ், கேபிள்.

வயிறு எரிகிறது. வேறு நல்ல வார்த்தை தேடிப் பார்த்தேன், இல்லை.

ஜூலை 11, வெள்ளி

மாவு அரைத்தேன். அம்மாவுக்குக் கண் சொட்டு மருந்து வாங்கினேன். ஷைனி நாச்சிமுத்துவின் கையைப் பிடித்து விரல் விரலாக ஏதோ விளக்கிக்கொண்டிருந்தாள். அவருடைய மூன்று விரலுக்கும் ஒன்றும் தெரியாது, பிடித்து என்ன பயன் என்று நினைத்தேன். மனசுக்குள்தான் நினைத்தேன்.

ஜூலை 16, புதன்

ஷைனிக்குப் பட்டைக்கு அதிர்வை அனுப்புகிற சின்னப் பெட்டியைப் பற்றி முழுதும் தெரியாது. முன்பே கையுறைக்காக அதைச் செய்தது நான். மூன்று வருடத்துக்கு முன்னால் தாமதச் சோதனை ஒன்று செய்தோம். விரல் தொட்ட உடனே அதிர்வைத் தராமல், வேண்டுமென்றே கொஞ்சம் தள்ளித் தந்து பார்த்தோம். நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் இருந்தால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மூன்றில் ஒரு பங்கு தள்ளினால், அதிர்வு வரும்வரை விரல் மடங்கிக்கொண்டே போய்க் கப் நசுங்கிவிடும். கண் பார்த்து எச்சரிப்பதற்குள் காரியம் முடிந்துவிடும். பெட்டியில் அந்த எண்ணை மாற்றுகிற இடம் இன்னும் அப்படியே இருக்கிறது. சும்மா நினைவுக்கு வந்ததால் எழுதுகிறேன்.

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்தது. காற்று பலமாக அடித்துத் துணி எல்லாம் பக்கத்து வீட்டு மாடிக்குப் போய்விட்டது. நாளை டாக்டர்கள் வருவதால் எல்லோரும் சீக்கிரம் கிளம்பினார்கள். நான் கடைசியாக ஆறரைக்குக் கிளம்பினேன். பட்டையைச் சார்ஜில் போட்டேன். கேபிள் எல்லாம் பார்த்தேன்.

ஜூலை 18, வெள்ளி

பதினோரு மணிக்கு ஆரம்பித்தார்கள். வெள்ளி பத்தரை முதல் பன்னிரண்டு ராகுகாலம் என்று இந்தப் பக்கத்திலேயே போட்டிருக்கிறது. யாராவது பார்த்திருக்கலாம்.

நாச்சிமுத்து புதுச்சட்டை போட்டு வந்திருந்தார். மடிப்புக் கோடு அப்படியே இருந்தது. முதல் கப் நசுங்கியது. சிரித்தார். “பயமுங்க, வேறொண்ணுமில்ல” என்றார். இரண்டாவதும் நசுங்கியது. மூன்றாவதை எடுக்கும்போது விரலைப் பாதியில் நிறுத்திவிட்டார், அது நழுவி விழுந்தது. பிறகு ஆறு நசுங்கின. பத்தாவதை அவர் எடுக்கவே இல்லை. கையை இல்லாத மேசைக்கு மேலே நீட்டியபடி நின்றார்.

நான் ஷைனியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் முகம் வெளுக்கும், சார் அவள் பக்கம் திரும்புவார், பெரிய டாக்டர் “உங்க புரோகிராம் இன்னும் தயாராகல போலிருக்குதே” என்பார் என்று ஒவ்வொன்றாக எதிர்பார்த்தேன். அதில் ஒன்றுகூட நடக்கவில்லை. டாக்டர் மிகவும் மரியாதையாக, “மெஷின் நல்லா இருக்குது. நரம்பு இதுக்கு மேல பழகாதுன்னு நினைக்கறேன்” என்றார். நாச்சிமுத்து ஹெட்செட்டைத் தானே கழற்றினார். ஷைனியிடம் போய், “மன்னிச்சுக்குங்க மேடம். என்ற கையிதான் உங்கள ஏமாத்திருச்சு. முன்னாடி சரியா வந்ததெல்லாம் ஏதோ குருட்டாம்போக்குல வந்திருக்குது” என்றார்.

என்னிடமும் வந்தார். “வர்றேனுங்க அம்மிணி” என்றார்.

சாயந்திரம் பட்டையைச் சார்ஜில் போட்டேன்.

ஜூலை 19, சனி

சாப்பாடு இறங்கவில்லை. அம்மா சீரகத் தண்ணீர் வைத்துத் தந்தாள்.

ஜூலை 21, திங்கள்

நாச்சிமுத்து வரவில்லை. ஷைனி போன் செய்து ஒலிபெருக்கியில் போட்டாள். அவர் மனைவி மயிலாத்தாள் எடுத்தார்.

“இன்னைக்கிருந்து கேட்டு வேலைக்குப் போயிட்டாருங்க. காக்கிச் சட்டை குடுத்துட்டாங்க. உங்க மேல வருத்தம் ஒண்ணும் இல்லீங்களாமா. கையி சரியில்லாததுக்கு அவங்க என்ன பண்ணுவாங்கன்னுட்டாரு. ஆனா ஒண்ணுங்க, நல்லாருக்கற கையிலகூட இப்பெல்லாம் டம்ளர எடுக்க மாட்டேங்கறாரு. நான்தான் வாயில வெக்கறேன்.”

ஷைனி போனை வைத்துவிட்டுக் கழிப்பறைக்குப் போய் முகம் கழுவி வந்தாள். வந்ததும் அவருடைய பழைய பதிவுகளைத் திறந்து உட்கார்ந்தாள். நான் கேபிள்களைச் சுருட்டினேன். ஏற்கெனவே சுருட்டித்தான் இருந்தன.

ஜூலை 22, செவ்வாய்

பரண் மேலிருந்து பழைய தாமதச் சோதனைத் தாள்களை எடுத்தேன். ஏன் எடுத்தேன் என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை. இருபத்து நான்கு பேர். ஒவ்வொருவரிடமும் கடைசியில் ஒரு கேள்வி கேட்டிருந்தேன்: கப் ஏன் நசுங்கியது என்று நினைக்கிறீர்கள்?

‘நான் அவசரப்பட்டேன்.’ ‘எனக்குக் கை நடுக்கம் உண்டு.’ ‘கவனம் பத்தவில்லை.’ ‘காலையில் சாப்பிடவில்லை.’ இருபத்திரண்டு பேர் இப்படித்தான் எழுதியிருந்தார்கள். இரண்டு பேர் மட்டும் கருவியைச் சந்தேகப்பட்டிருந்தார்கள். தாளின் கீழே என் கையெழுத்தில் முடிவுரை: ‘அதிர்வு தாமதமாகும்போது மனிதர்கள் கருவியை அல்ல, தங்கள் கையைத்தான் குற்றம் சொல்கிறார்கள்.’ அடியில் சிவப்பு மையில் கோடு வேறு போட்டிருக்கிறேன். சார் அப்போது பாராட்டினார்.

எழுதியவளுக்கே அது போன வாரம் நினைவில்லை.

ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. அப்பாவுக்குப் படையல் போட்டுவிட்டுப் பதினொன்றரைக்குத்தான் போனேன். ஆய்வகத்தில் ஷைனி மட்டும் இருந்தாள். சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் வைத்திருந்தாள்.

“அக்கா, ஒரு காரியம் காட்டட்டா?” என்றாள்.

திரையில் ஒரு கையின் பாதை. வெறும் கோடுகள்தான். பச்சைக் கோடு கட்டைவிரல், மற்றவை மற்ற விரல்கள்.

“எல்லாருக்கும் ஒரு சாமானத்த எடுக்கப் போகும்ப நாலு விரலு முதல்ல போகும், கட்டைவிரலு பொறவு வரும். இந்த ஆளுக்கு மட்டும் கட்டைவிரலு முந்திப் போய் நிக்கும். பாத்தியளா? நான் எம்.இ. படிக்கும்ப சார் கொஞ்சம் பதிவு அனுப்பித் தந்தாங்க. ‘ஆள் 1’ன்னு மட்டும் போட்டிருந்துது. முந்நூறு பதிவு. ஒரு வருஷம் மார்த்தாண்டத்துல இருந்து இந்தக் கையத்தான் பாத்துட்டு இருந்தேன். கை எப்பிடிப் போகும், எங்க மெதுவாகும், தொட்ட உடனே எப்பிடி நிக்கும், எல்லாம் இதுல படிச்சதுதான். இந்தக் கை இருக்கப்பட்ட எடத்துல வேலை பாக்கணும்னுதான் இங்க வந்தேன். வந்த பொறவுதான் அது நீங்கன்னு தெரிஞ்சுது.”

நான் பச்சைக் கோட்டையே பார்த்தேன்.

“முந்நூறுலயும் இந்தக் கை ஒரு கப்பக்கூட நசுக்கல அக்கா. ஒரே ஒரு நாளு தவிர.” அடுத்த பதிவைத் திறந்தாள். “இது போன வியாழக்கிழமை. சாயந்திரம் ஆறு பத்து. பேரு போடல. கட்டைவிரலு முந்துது. ஒம்பது கப்பு நசுங்கிருக்கு.”

அந்தப் பதிவை நான் அழித்திருந்தேன். ஆனால் கையுறையை யார் மாட்டினாலும் மேல்மாடி சர்வரில் ஒரு நகல் தானாக விழும். அந்த ஏற்பாட்டைச் செய்துகொடுத்ததும் நான்தான். கையுறை போட்டுப் பழகிய கைக்கு அது தெரியும், எனக்குத்தான் மறந்துவிட்டது.

“சாருட்ட நான் சொல்லல” என்றாள். குரல் உயரவில்லை. “எனக்குச் செய்ததுக்கு நான் சண்டை போடல. ஆனா அந்த அண்ணன் வீட்டுல டம்ளரத் தொட மாட்டேங்குதாரு. அவருட்ட யாரு சொல்லுவா?”

பிறகு டப்பாவைத் திறந்து சாப்பிட ஆரம்பித்தாள். மீன் குழம்பு. அமாவாசை என்று தெரிந்ததும் டப்பாவை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். அதுகூட எனக்காகத்தான்.

சரி, எழுதிவிடுகிறேன். பதினேழாம் தேதி பெட்டியில் எண்ணை மாற்றினேன். மூன்றில் ஒரு பங்கு நொடி. சரியாக வேலை செய்கிறதா என்று என் கையிலேயே போட்டுப் பார்த்தேன். ஒன்பது கப் நசுங்கியதும் திருப்தியாக இருந்தது. பதினெட்டாம் தேதி சாயந்திரம் பழையபடி மாற்றி வைத்தேன். ஷைனி அவமானப்பட வேண்டும் என்றுதான் செய்தேன். அந்த மனிதரை நான் நினைக்கவே இல்லை. அவர் எனக்கு ஒரு கையாக மட்டும்தான் தெரிந்தார்.

ஜூலை 26, சனி

பட்டறை கேட்டில் நாச்சிமுத்து காக்கிச் சட்டையில் உட்கார்ந்திருந்தார். எழுந்து நின்றார். உள்ளே போகிறவர்கள் எழுதுகிற பெரிய நோட்டை என் பக்கம் திருப்பினார்.

“யாரப் பாக்கோணும், என்ன விசயம்னு எழுதோணுங்க அம்மிணி. ரூல்சு.”

‘யாரை’ என்ற கட்டத்தில் அவர் பெயரை எழுதினேன். ‘விஷயம்’ என்ற கட்டத்தைக் காலியாக விட்டேன். பஸ்ஸில் மனப்பாடம் செய்து வந்தது எதுவும் வரவில்லை. நடந்ததை மட்டும் சொன்னேன். பெட்டி, எண், வியாழக்கிழமை. அவள் மேல் பொறாமை என்றும் சொன்னேன். சொல்லும்போது ஒரு லாரி வந்தது. “இருங்க” என்று சொல்லிவிட்டுப் போய், இடது கையால் கேட்டைத் திறந்து, லாரியை உள்ளே விட்டு, சாத்திவிட்டு வந்தார்.

“எவ்வளவு தள்ளி வெச்சீங்க?” என்றார்.

“ஒரு செகண்டுல மூணுல ஒரு பங்குங்கண்ணா.”

அளவுகளோடு வாழ்ந்த மனிதர். இடது கை விரல்களில் கணக்குப் போட்டார். “லேத்துல அவ்வளவு நேரத்துல சாமானப் புடிக்கற சக்கு அஞ்சு சுத்து சுத்தீருமுங்க. அஞ்சு சுத்துன்னா சாமானே வீணு.” பிறகு தன் வலது கையைத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அப்ப இவன் பொய் சொல்லலியா?”

“இல்லீங்க.”

“அதுக்கு முன்னாடி பத்துக்குப் பத்து வந்தது?”

“அது உங்க கைதானுங்க.”

என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை. அவர் என்னை மறந்துவிட்டுக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வாரமாகப் பேசாமலிருந்த ஆளோடு பேசப் போகிறவர் மாதிரி இருந்தது முகம். நான் கிளம்பும்போது நோட்டை இழுத்து, நேரத்தைக் குறித்து, நான் காலியாக விட்ட கட்டத்தில் இடது கையால் கோணல் மாணலாக எழுதினார்: ‘கை விசயம்.’

ஜூலை 28, திங்கள்

சாரிடம் சொல்லிவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். “டாக்டருங்களுக்குக் கருவிக் கோளாறுன்னு எழுதறேன். இந்த லேபோட பேரு முக்கியம். உங்க ஒப்பந்தம் மார்ச்சு வரைக்கும் இருக்குது. அதுக்கப்புறம் என்கிட்ட கேக்காதீங்க” என்றார். டாக்டர்கள் ஒப்புக்கொண்டால் அந்த வேலை ஷைனிக்கு என்பது அநேகமாக முடிவாகிவிட்டது. எனக்கு வயிறு எரிந்தது. இவ்வளவுக்குப் பிறகுமா என்று எனக்கே வெட்கமாக இருந்தது. இருந்தும் எரிந்தது.

ஆகஸ்ட் 4, திங்கள்

நாச்சிமுத்து திரும்ப வந்துவிட்டார். மருத்துவமனைக்காரர்களும் இருபத்திரண்டாம் தேதி மறுபடி பார்க்க ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் வருவதற்கு நாச்சிமுத்து ஒரு நிபந்தனை போட்டாராம். சார் அதை என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். ஒவ்வொரு முறையும் ஆரம்பிக்கும் முன் பெட்டியில் தாமதம் எவ்வளவு வைத்திருக்கிறது என்று யாராவது வாசித்துச் சொல்ல வேண்டும். அதை நான்தான் வாசிக்க வேண்டும், வேறு யாரும் கூடாது.

ஹெட்செட் மாட்டினால் வெளியே ஒன்றும் தெரியாது. அவர் இருட்டுக்குள் நின்றுகொண்டு, “எவ்வளவுங்க அம்மிணி?” என்று கேட்டார்.

“பூஜ்யமுங்கண்ணா.”

அதற்குப் பிறகுதான் கையை நீட்டினார். நசுங்கியது நான்கு.

ஆகஸ்ட் 13, புதன்

“எவ்வளவுங்க அம்மிணி?” “பூஜ்யமுங்கண்ணா.” நசுங்கியது ஒன்று. அவர் குரலில் கோபம் இல்லை. ஒவ்வொரு முறையும் தேடிப் பார்க்கிறேன், இல்லை. என் குரலைத்தான் அவர் காது கூர்ந்து கேட்கிறார், வெர்னியரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பவர் மாதிரி.

அம்மா வடை சுட்டாள். ஷைனிக்கு நான்கு கொண்டுபோனேன். “அக்கா உங்க கைப்பக்குவமா?” என்றாள். அம்மாவுடையது என்றேன். உண்மையைச் சொல்லிப் பழக வேண்டியிருக்கிறது.

ஆகஸ்ட் 22, வெள்ளி

இந்த முறையும் பதினோரு மணி. இந்த முறையும் ராகுகாலம். நான் பார்த்தேன், யாரிடமும் சொல்லவில்லை.

அதே இரண்டு டாக்டர்கள், சார், ஷைனி. பட்டறை முதலாளியும் வந்திருந்தார். நாச்சிமுத்து அதே சட்டை. ஷைனி ஹெட்செட்டை மாட்டிவிட்டாள். பட்டையை நான் கட்டினேன். அறை அமைதியானதும் அவர் கேட்டார்.

“எவ்வளவுங்க அம்மிணி?”

“பூஜ்யமுங்கண்ணா.”

பெரிய டாக்டர் என் பக்கம் திரும்பினார். “என்னம்மா அது, என்ன பூஜ்யம்? எதுக்கு இவரு கேக்கறாரு?”

சார் வேகமாக, “அது சும்மா ஒரு நடைமுறைங்க டாக்டர். போன தடவை கருவியில ஒரு சின்னக் கோளாறு வந்துச்சுன்னு எழுதியிருந்தேனே” என்றார். என்னை ஒரு பார்வை பார்த்தார். ஷைனி தரையைப் பார்த்தாள். தலையசைத்துவிட்டால் போதும். ஒருவருக்கும் நஷ்டமில்லை.

நாச்சிமுத்து கையை நீட்டவில்லை. இருட்டுக்குள் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

“கோளாறு இல்லீங்க டாக்டர்” என்றேன். “அன்னைக்கு நான்தான் தாமதத்த மாத்தி வெச்சேன். வேணும்னே. இந்தப் பொண்ணு மேல பொறாமைல பண்ணுனேன். அன்னைக்கு இவரு கையி எந்தத் தப்பும் பண்ணல. ஷைனியோட புரோகிராமும் பண்ணல.”

முதலாளி எழுந்து நிற்கப் போய் மறுபடி உட்கார்ந்தார். சார் கண்ணாடியைக் கழற்றினார். மார்ச் வரைக்கும் என்று இருந்தது இனி எதுவரைக்கும் என்று எனக்குத் தெரியாது.

ஹெட்செட்டுக்குள்ளிருந்து நாச்சிமுத்து, “செரி, இப்ப எடுக்கட்டுங்களா?” என்றார்.

எடுத்தார். நான்கு விரல்கள் முதலில் போயின, கட்டைவிரல் பின்னால் வந்து சேர்ந்தது. தொட்ட இடத்தில் கை நின்றது.

பத்துக்குப் பத்து. கை பதமாகப் பிடிக்கிறது என்று டாக்டர் அங்கேயே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தார். ஷைனியும் முதலாளியும் நாச்சிமுத்துவைச் சுற்றி நின்றார்கள். என் பக்கம் யாரும் வரவில்லை. பட்டையைச் சார்ஜில் போட்டுவிட்டு வந்தேன்.